மூட்டு நீர்க்கட்டிக்குள் ப்ளியோமைசின் ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கட்டு, கணுக்கால், விரல் மூட்டு ஆகிய இடங்களில் வரும் கேங்லியான் என்ற மூட்டு நீர்க்கட்டிக்குள் ப்ளியோமைசின் என்ற கீமோதெரபி மருந்தைச் செலுத்துவது பற்றி நோயாளிகளும் இளம் மருத்துவர்களும் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. உங்கள் கட்டிக்கு எது சரி என்பதைக் கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

புற்றுநோய் மருந்து தருகிறார்கள் என்றால் என் கட்டி புற்றுநோயா?

இல்லை. கேங்லியான் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மருந்தின் பிறப்பிடம் புற்றுநோய் வார்டு, அவ்வளவுதான். இங்கே அது கட்டியின் சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் நோக்கில் மிகச் சிறிய அளவில் செலுத்தப்படுகிறது. ஆனால் இந்த மருந்தின் அனுமதிக் குறிப்பில் மூட்டு நீர்க்கட்டி கிடையாது. செதிள்செல் புற்றுநோய், நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா, விந்தகப் புற்றுநோய், புற்றுநோயால் நுரையீரல் உறையில் சேரும் நீர் ஆகியவைதான் அதில் உள்ளன. ஆகவே கட்டிக்குப் போடுவது அனுமதிக்கு அப்பாற்பட்ட பயன்பாடு. அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் ஒப்புதல் படிவத்தில் இந்த விஷயம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேங்லியான் கட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

நிறமற்ற, கெட்டியான ஜெல்லி. ஹயலூரானிக் அமிலம் நிறைந்தது. மூட்டுத் திரவத்தைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது. கையில் வரும் மென்திசுக் கட்டிகளில் இதுதான் மிகப் பரவலானது. 60 முதல் 70% வரை மணிக்கட்டின் மேற்புறத்தில், பெரும்பாலும் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரு சிற்றெலும்புகளை இணைக்கும் தசைநாரிலிருந்து எழுகின்றன. உள்ளங்கைப் பக்க மணிக்கட்டில் 15 முதல் 20% வரை. இவை ரேடியல் தமனியை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். மீதி, விரல் தசைநாண் உறையிலும் விரல் நுனி மூட்டிலும் வருபவை. 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஒரு மெல்லிய காம்பு இந்தக் கட்டியை மூட்டுறையோடு இணைக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்தக் காம்பைச் சுற்றியே வரும்.

ப்ளியோமைசின் எப்படி வேலை செய்கிறது?

ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெர்டிசில்லஸ் என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானி ஹமாவோ உமெசாவாவின் குழு 1960களில் பிரித்தெடுத்த பொருள் இது. செல்லுக்குள் இரும்பையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கி, டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. ப்ளியோமைசின் ஹைட்ரோலேஸ் என்ற நொதி பெரும்பாலான உறுப்புகளில் இதைச் செயலிழக்கச் செய்துவிடும். நுரையீரலிலும் தோலிலும் அந்த நொதி குறைவு. அதனால்தான் பக்க விளைவுகள் அந்த இரண்டு இடங்களையே தேடிப் போகின்றன. எலும்பு மஜ்ஜையை அதிகம் தொடாத கீமோ மருந்து என்பதும், இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் டாக்ஸோரூபிசின் என்ற வேறொரு கீமோ மருந்து போலத் திசுவை அழுகவைக்காது என்பதும் இதை உள்ளூர் ஊசியாகப் பயன்படுத்தத் துணிவு தந்த காரணங்கள்.

புற்றுநோய் அல்லாத எதற்கெல்லாம் இதை ஊசியாகப் போடுகிறார்கள்?

பிடிவாதமான மருக்கள், தழும்பு வீக்கமான கெலாய்டு, குழந்தைகளின் கழுத்தில் நிணநீர் தேங்கிப் பை போல வரும் நிணநீர்க் கட்டிகள். மூன்றாவதில் 1970களிலிருந்தே அனுபவம் உண்டு. பெரிய அறைகள் கொண்ட நிணநீர்க் கட்டிகள் நன்றாகச் சுருங்குகின்றன.

அங்கே பலிப்பது மூட்டுக் கட்டியிலும் பலிக்க வேண்டாமா?

கேங்லியானுக்குள் ப்ளியோமைசின் போடும் ஆராய்ச்சியின் மையக் கேள்வியே இதுதான். பல கட்டுரைகள் இதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகின்றன.

நிணநீர்க் கட்டியின் உட்சுவரில் உயிருள்ள செல்களின் வரிசை ஒன்று உண்டு. திரவம் சேரும் இடமும் அந்தச் சுவருக்குள்ளேதான். மருந்து அந்தச் செல்களைப் புண்ணாக்கினால் இரு சுவர்களும் ஒட்டும், கட்டி மூடிக்கொள்ளும். கேங்லியானில் அப்படி ஒரு வரிசை கிடையாது. அதன் சுவர், அமுக்கப்பட்ட கொலாஜன் என்ற நார்ப்புரத அடுக்குகளும் இடையிடையே சில நார்ச்செல்களும்தான். நோய்க்கூறியல் பாடத்தில் இதை உண்மையான நீர்க்கட்டி என்றே சேர்க்க மாட்டார்கள். மருந்து தாக்குவதற்கு வேண்டிய இலக்கே அங்கே மிகக் குறைவு.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நார்ச்செல்களைத் தூண்டித் தழும்பு உண்டாக்கும் திறன் ப்ளியோமைசினுக்கு உண்டு. எலிகளில் நுரையீரல் நார்மயத்தை, அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகுவதை, உருவாக்கிப் படிக்க ஆய்வகங்கள் பயன்படுத்துவது இதைத்தான். ஆகவே உட்சுவர்ச் செல்கள் இல்லாவிட்டாலும் தழும்பு உருவாகலாம் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அதே மருந்து கெலாய்டில் கொலாஜனைக் குறைக்கிறது! எந்தத் திசுவில், எந்த அளவில், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. மணிக்கட்டில் எது நடக்கும் என்பதை எலியின் நுரையீரலை வைத்து முடிவு செய்ய முடியாது.

இதையெல்லாம் தாண்டி, திரவம் வருவது காம்பு வழியாக. குழாய் ஒழுகும்போது வாளிக்கு வர்ணம் பூசுவதால் ஒழுகல் நிற்காது. சுவரைத் தழும்பாக்கும் எந்த மருந்தும், காம்பை அடைக்காதவரை, பாதி வேலையைத்தான் செய்கிறது. நல்ல அறுவை சிகிச்சை நிபுணர்கள் கட்டியோடு காம்பையும் மூட்டுறையின் ஒரு சிறு வட்டத்தையும் சேர்த்தே எடுப்பது இதனால்தான்.

கட்டிக்குள் போட்ட மருந்து மூட்டுக்குள் போகுமா?

மூட்டுக்குள் செலுத்திய சாயம் கட்டிக்குள் போகிறது, கட்டிக்குள் செலுத்திய சாயம் பெரும்பாலும் மூட்டுக்குத் திரும்புவதில்லை என்று பழைய சாய எக்ஸ்ரே ஆய்வுகள் காட்டின. காம்பு ஒருவழி வால்வு போல நடந்துகொள்கிறது என்ற கருத்து அப்படித்தான் வந்தது. ஊசிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

பெரும்பாலும் என்பது எப்போதும் ஆகாது. ஜெல்லியை உறிஞ்சி எடுத்த பிறகு கட்டியின் உள் அழுத்தம் மாறியிருக்கும். ஊசி முனை காம்பின் அருகே குத்தியிருக்கலாம். வேகமாகத் தள்ளினால் வால்வு திறந்துகொள்ளலாம். குருத்தெலும்புச் செல்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுபவை. அங்கே டிஎன்ஏவை அறுக்கும் மருந்து தேங்குவது யாரும் விரும்பும் சோதனை அல்ல. எனவே ஆய்வில் மருந்துக்கு முன் சிறிது மாறுபாட்டுச் சாயம் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்து, மூட்டுக்குள் கசிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தப் படி இல்லாத ஆய்வுத் திட்டத்தை ஏற்கத் தயங்குவோம்.

ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான சிகிச்சைகள் எவ்வளவு பலிக்கின்றன?

2015ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி மணிக்கட்டுக் கட்டி மீண்டும் வரும் விகிதம், உறிஞ்சி எடுத்தால் சுமார் 59%, திறந்த அறுவை சிகிச்சையில் 21%, சிறு துளை வழியே கேமரா செலுத்தும் ஆர்த்ரோஸ்கோப் வழி அறுவை சிகிச்சையில் 6%. கடைசி எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். அந்த அறுவை சிகிச்சை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குத் தேர்ந்த கைகளால் செய்யப்படுவது.

2007ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆறு ஆண்டுத் தொடர் ஆய்வு வேறு படம் காட்டியது. மணிக்கட்டின் மேற்புறக் கட்டியில் உறிஞ்சியவர்களில் 58% பேருக்கும், அறுவை சிகிச்சை செய்தவர்களில் 39% பேருக்கும் திரும்ப வந்தது. எதுவும் செய்யாமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி தானாக மறைந்தது. வலியிலும் பயன்பாட்டிலும் மூன்று குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. 21க்கும் 39க்கும் உள்ள இடைவெளிக்கு ஒரு காரணம், எவ்வளவு காலம் காத்திருந்து எண்ணினார்கள் என்பதாக இருக்கலாம்.

உறிஞ்சிய பிறகு ஸ்டீராய்டு போடுகிறார்களே?

உறிஞ்சுவதோடு மட்டும் ஒப்பிட்டால் அதனால் தெளிவான கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை. தோல் வெளுப்பதும் கொழுப்பு கரைந்து குழி விழுவதும் சிலருக்கு நடக்கக்கூடியவை. ஜெல்லியைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் நொதி பகுத்தறிவுக்கு அழகாகப் பொருந்திய யோசனை. தொடக்க அறிக்கைகளில் 95% வெற்றி என்றார்கள். பிறகு அறுவை சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, நொதிக் குழுவில் நான்கில் மூவருக்குக் கட்டி திரும்பியது. ப்ளியோமைசின் பற்றிய ஒவ்வொரு நல்ல செய்தியையும் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டே படிக்கிறோம்.

ஒரு கட்டுரையில் 90% வெற்றி என்று படித்தேன். நம்பலாமா?

நான்கு இடங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலில் ஒப்பீட்டுக் குழு. உறிஞ்சுவது மட்டும் ஒரு குழுவுக்கு, உறிஞ்சி மருந்து போடுவது இன்னொரு குழுவுக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்திருந்தால்தான் மருந்தின் பங்கைத் தனியே எடைபோட முடியும். ஒரே குழு என்றால் ஊசி முனை செய்த வேலைக்கெல்லாம் மருந்து பெயர் வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது காலம். திரும்பி வரும் கட்டிகளில் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் வந்துவிடும். மூன்று மாதத்தில் எண்ணிக்கையை மூடிவிட்டால் எந்தச் சிகிச்சையும் பிரமாதமாகத் தெரியும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: மிக நீண்ட காலம் காத்திருந்தாலும் ஏமாறலாம். தானாக மறைந்த கட்டிகள் எல்லாம் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு பக்கத்துப் பிழைக்கும் தீர்வு ஒப்பீட்டுக் குழுதான்.

மூன்றாவது, வெற்றிக்கு என்ன இலக்கணம் என்பது. கட்டியின் கன அளவு பாதியாகக் குறைந்தது என்றால் பெரிய மாற்றம் போலத் தோன்றும். 2 செ.மீ. விட்டமுள்ள கோளத்தின் கன அளவு சுமார் 4.2 மி.லி. அது 2.1 மி.லி. ஆக வேண்டுமென்றால் விட்டம் சுமார் 1.6 செ.மீ. ஆனாலே போதும். கையைப் பார்க்கும் நோயாளிக்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம்தான் தெரியும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் முற்றிலும் மறைந்ததா, வலி எவ்வளவு குறைந்தது, பிடிவலிமை எவ்வளவு கூடியது என்பவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

கடைசியாக எண்ணிக்கை. 20 பேருக்குப் போட்டோம், ஒருவருக்கும் திரும்பவில்லை என்றாலும், உண்மையான விகிதம் 15% வரை இருக்க இடம் உண்டு. பூஜ்யம் வந்தால் 3ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுப்பது புள்ளியியலாளர்களின் எளிய வழி. பக்க விளைவுக்கும் இதே கணக்குத்தான்.

மருந்தின் அளவு எவ்வளவு?

மூட்டு நீர்க்கட்டிக்கு என்று நிலைபெற்ற அளவு கிடையாது. மருவுக்கு வழக்கமாக ஒரு மி.லி.க்கு 0.5 முதல் 1 யூனிட் செறிவு. ஆய்வுகள் இதன் அருகில்தான் தொடங்க முடியும்.

உண்மையான ஆபத்து யூனிட் குழப்பத்தில் இருக்கிறது. ஒரு யூஎஸ்பி (அமெரிக்க மருந்துத் தர நூல்) யூனிட் என்பது 1 மி.கி. வீரியத்துக்குச் சமம், சர்வதேச அலகில் அதுவே 1000. ஆகவே 15 யூனிட் குப்பியும் 15,000 சர்வதேச அலகுக் குப்பியும் ஒன்றே. கட்டுரைகளில் பலர் யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில் சர்வதேச அலகு என்று எழுதிவிடுகிறார்கள். அதை அப்படியே மருந்துச் சீட்டுக்கு மாற்றினால் ஆயிரம் மடங்கு பிழை. எழுதும்போது அலகின் முழுப் பெயரும், எத்தனை மி.லி. உப்புநீரில் கரைத்தது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். 15 யூனிட் குப்பியை 15 மி.லி. சாதா உப்புநீரில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 1 யூனிட், 5 மி.லி.யில் என்றால் 3 யூனிட். குளுக்கோஸ் நீரில் கரைக்கக் கூடாது, வீரியம் குறையும். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உப்புநீரில் கரைத்தது 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும்.

ஊசி போடும்போது எங்கே தவறுகிறது?

பெரும்பாலான தவறுகள் ஊசிக்கு முன்பே நடந்துவிடுகின்றன. கட்டி கேங்லியான்தானா என்று உறுதி செய்யாமல் தொடங்குவது முதல் தவறு. டார்ச் ஒளி ஊடுருவ வேண்டும். ஸ்கேனில் உள்ளே கருமையாக, இரத்த ஓட்டமின்றித் தெரிய வேண்டும். சைனோவியல் சார்கோமா போன்ற புற்றுக்கட்டி வெளிப்பார்வைக்குச் சாதுவான நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். 5 செ.மீ.க்கு மேல், வேகமாக வளர்வது, ஆழத்தில் இருப்பது, இரவில் வலிப்பது என்றால் முதலில் எம்ஆர்ஐ. ஊசியைத் தொடவே கூடாது.

உள்ளங்கைப் பக்கக் கட்டியில் ஸ்கேன் துணையின்றி ஊசி குத்தக் கூடாது. ரேடியல் தமனி கட்டியின் மேலேயே ஒட்டிக் கிடக்கலாம். ஜெல்லி கெட்டி என்பதால் 16 அல்லது 18 கேஜ் என்ற தடித்த ஊசி வேண்டும். மெல்லிய ஊசியில் ஒன்றும் வராது, குத்துகளின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொரு கூடுதல் குத்தும் மருந்து வெளியே கசிய ஒரு வழி. உள்ளே தடுப்புகள் இருந்தால் ஓர் அறையை மட்டும் காலி செய்துவிட்டு முடித்தோம் என்று நினைத்துவிடுவார்கள். அதற்கும் ஸ்கேன்தான் துணை. வந்தது ஜெல்லியாக இல்லாமல் இரத்தமாகவோ சீழாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். செலுத்தும் அளவு எடுத்த அளவைவிடக் குறைவாக இருக்கட்டும். அழுத்தம் ஏறினால் மருந்து தோலுக்கோ மூட்டுக்கோ வழி தேடும்.

திருகிப் பூட்டும் சிரிஞ்ச், கீமோவுக்கான கையுறை, சிந்தினால் துடைக்கும் பெட்டி, தனிக் கழிவுப் பை ஆகியவை இல்லாத சாதாரண வெளிநோயாளர் அறையில் இதைச் செய்யக் கூடாது. செவிலியருக்கும் இது செல்களைக் கொல்லும் மருந்துதான்.

நுரையீரல் கெட்டுவிடும் என்கிறார்களே?

புற்றுநோய் சிகிச்சையில் மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டும்போது நுரையீரல் நார்மயம் கூர்மையாக அதிகரிக்கிறது. கட்டிக்குப் போவது ஓரிரு யூனிட். இடைவெளி பெரிது. ஆனால் குறைந்த அளவிலும் எப்போதாவது பாதிப்பு வருவது உண்டு. மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கணக்கு மாறும். 70 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள், முன்பே இதே மருந்தைக் கீமோவாக எடுத்தவர்கள் ஆகியோரை மணிக்கட்டுக் கட்டிக்காக இந்த ஆபத்தில் இறக்குவது நியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை.

ப்ளியோமைசின் பெற்றவர் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதிக செறிவு ஆக்சிஜன் இந்த மருந்தின் நுரையீரல் நச்சைத் தூண்டக்கூடும் என்பதால் அவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

தோலில் என்ன ஆகும்?

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி, வீக்கம். பிறகு கருமை படியலாம். சொறிந்த இடமெல்லாம் சாட்டையடி போன்ற கரிய கோடுகள் விழுவது இந்த மருந்துக்கே உரியது, மாதக்கணக்கில் நிற்கும். அதனால் ஓரிரு நாளுக்கு அந்தப் பக்கம் இறுக்கமான பிளாஸ்டர் ஒட்டுவதையும் பிய்ப்பதையும் தேய்ப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

விரல் கட்டி என்றால் எச்சரிக்கை இரட்டிப்பு. மருவுக்காக விரல் நுனியில் போட்டவர்களுக்குக் குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட் பாதிப்பும் நகச் சிதைவும் வந்திருக்கின்றன. சிலருக்கு அது நிரந்தரம். விரல் நுனி மூட்டில் வரும் கேங்லியானான சளிக்கட்டி, தேய்மான எலும்புமுனையின் மீது அமர்ந்திருப்பது. அந்த முனையைச் செதுக்கி எடுப்பதே அதற்குப் பொருத்தமான வழி.

யாருக்குப் போடவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ரேனாட் அல்லது தோல் தடித்து இறுகும் ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்கள், நுரையீரல் நார்மயம் உள்ளவர்கள். கருத்தரிக்கும் வயதில் இருப்பவர்களுக்குப் பரிசோதனையும் கருத்தடையும் கட்டாயம். இந்தக் கட்டி அதிகம் வருவதே அந்த வயதுப் பெண்களுக்கு என்பதை ஆய்வுத் திட்டம் எழுதுபவர்கள் மறக்கக் கூடாது.

முழங்காலின் பின்புறம் வரும் பேக்கர் கட்டிக்கு?

அது வேறு இனம். முழங்காலுக்குள் தேய்மானமோ, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டின் கிழிசலோ, முடக்குவாதமோ திரவத்தைச் சுரக்கவைக்க, அது பின்னால் உள்ள பையில் சேர்கிறது. முழங்காலைக் கவனித்தால் கட்டி தானாகச் சுருங்கும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெதொட்ரெக்சேட்டும் புற்றுநோய் வார்டிலிருந்து வந்த மருந்துதான். ஆனால் அது நோயின் மூலத்தை அடக்குகிறது, கட்டிக்குள் போவதில்லை. பேக்கர் கட்டிக்குள் ப்ளியோமைசின் போட்டால் அகன்ற வழியில் முழங்காலுக்கே போய்ச் சேரும். வேண்டாம்.

கனமான புத்தகத்தால் அடித்து உடைத்தால் என்ன?

எலும்பு உடையும் வாய்ப்பும் உண்டு. கட்டி உடைந்தாலும் காம்பு அப்படியே இருக்கும்.

ஊசிக்குப் பிறகு எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

அன்றே வரும் லேசான காய்ச்சல் இந்த மருந்துக்கு வழக்கமானது, பாரசிட்டமால் போதும். மயக்கம், குழப்பம், இரத்த அழுத்தம் சரிவது என்றால் காத்திருக்கக் கூடாது. லிம்போமா நோயாளிகளில் சுமார் 1% பேருக்கு அப்படி ஒரு கடும் எதிர்வினை வருவது பதிவாகியுள்ளது. விரல் வெளுத்துக் குளிர்வது, மரத்துப்போவது, தோல் கறுத்துக் கொப்புளிப்பது, நாளுக்கு நாள் கூடும் சிவப்பும் வலியும் ஆகியவற்றுக்கும் அதே நாளில் போக வேண்டும். அடுத்த வாரங்களில் வறட்டு இருமலோ படியேறும்போது மூச்சிரைப்போ தொடங்கினால், மணிக்கட்டில் போட்ட ஊசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாமல், மருந்தின் பெயரையும் போட்ட யூனிட் அளவையும் எழுதிய சீட்டோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

என் கட்டி வலிக்கவில்லை. என்ன செய்வது?

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று உறுதியாகிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். அளவு கூடினாலோ, விரல்கள் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ திரும்ப வந்து காட்டுங்கள்.